இரை பிசையாத நாள்

தவிட்டைச் சலிப்பதிலிருந்து பேசினை ஈரத்துணியால் மூடுவது வரை தூண்டில் இரை பிசைகிற வேலை முழுக்க அவளுடையது. வேறு யாரையும் தொடவிட மாட்டாள். காய்ந்த ரொட்டியை உள்ளங்கையால் நொறுக்கிப் போட்டு, வறுத்துப் பொடித்த சோம்பைத் தூவி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் உருண்டை கையிலேயே குழையும். குறைந்தால் ஏரியில் விழுந்த மறுநொடி தூளாகிப் போய்விடும். பதம் வந்ததும் சமையல் மேடையின் மூலையில், ஜன்னலுக்குக் கீழே ஊற வைப்பாள். விடிவதற்கு முன் அவள் எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை வீடெல்லாம் சோம்பு வாசனை அடிக்கும்.

"எனக்கு ஒரு நாளாவது இவ்வளவு பதமா ஏதாவது பிசைஞ்சு போட்டிருக்கியா?" என்பார் கணவர், முன்னறையிலிருந்து. திரைச்சீலை தைப்பது அவர் தொழில். மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே வாயாடுவார்.

"உங்களைப் பிடிக்க இரை எதுக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து கரையிலயேதானே கிடக்கீங்க."

நடுஅறையிலிருந்து அவருடைய தம்பி சிரிப்பான். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். சட்டைக் காலரில் சோப்பு போட்டுத் தேய்த்ததும், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான். இப்போது தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறான். மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறான். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வரும்போதெல்லாம், "என்ன அண்ணி, நாளைக்கு ஏரியா?" என்று கேட்பான். அவளும் "ஆமாம்டா" என்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு எடுத்து மடிக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். அங்கே மெஷின்கள் போடும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவள் பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மகளைக் கட்டிக் கொடுத்து, மகள் வேறு ஊருக்குப் போன பிறகு, ஒரு விடுமுறை நாளில், எங்கேயாவது சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்று ஏரிப் பக்கம் போனாள். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சலூன்காரர், சிறுநீர் கழிக்கப் போகிற அவசரத்தில் கோலை அவள் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிம்மா, இதோ வந்துட்டேன்" என்று ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் தக்கை முங்கியது. அவள் இழுத்தாள். சலூன்காரர் கடைசிவரை அந்த மீனைத் தன் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். அவளோ அடுத்த வாரமே சொந்தக் கோல் வாங்கிவிட்டாள்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாளானால் அசையமாட்டாள். அதனால் ஏரிக்கரையில் அவளுக்குப் பெயர் கொக்கு. சின்னவர்களுக்குக் கொக்கு அக்கா. வீட்டில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலும் ஒற்றைக் காலில் நிற்பாள் என்பதால், கணவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட அன்று மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ஏரியின் வடக்கே, நாணல் அடர்ந்த ஒரு ஒதுக்கம் உண்டு. தூண்டில்காரர்கள் அதை மூலை என்பார்கள். சினைக் கெண்டைகள் முட்டையிட அங்கேதான் ஒதுங்கும். அந்த மாதங்களில் கயிறு கட்டி, பலகை மாட்டி, யாரும் மீன் பிடிக்கக்கூடாது என்று அடைத்துவிடுவார்கள். ஆனால் கயிறு யாரைத் தடுக்கும்? வலைக்காரர்கள் வருவார்கள். வலைக்குச் சிக்காததற்குப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவார்கள். அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். விரல்நகம் அளவுக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு, சோற்றுப் பருக்கை சிந்தியதுபோல் தண்ணீர் முழுக்க மிதந்தன. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

ஏரி முழுவதற்கும் மீன்வளத்துறையின் ஒரே ஒரு அதிகாரி. அவரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர். ஆகவே தூண்டில்காரர்களே காவலுக்கு நின்றார்கள். அவர்களுடைய வழக்கம் ஒன்றுதான். கையில் கோல் இருக்க வேண்டும், சும்மா மீன் பிடிக்க வந்தவர் மாதிரி நிற்க வேண்டும். கண் மட்டும் மூலையைப் பார்க்க வேண்டும். யாராவது வந்தால் கிட்டே போகாதே, சத்தம் போடாதே, அதிகாரிக்குப் போன் செய். அவ்வளவுதான். வார இறுதியில் ஆட்கள் நிறைய வருவார்கள். வேலை நாட்களில் சலூன்காரரும் அவளும்தான். கடையை எப்போது திறப்பது என்பது அவர் இஷ்டம். அவளுக்கு ஷிப்ட் மாறிமாறி வரும்.

வலைக்காரர்கள் முதலில் பலகையை உடைத்தார்கள். பிறகு தூண்டில்காரர்கள் உட்காரும் பெஞ்சை எரித்தார்கள். கரியாகிக் கிடந்த அதன் இரும்புக் கால்களில் ஒன்றில் செத்த கெண்டை ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். வலைபோட்ட தடம் தெரியும், வண்டிச் சக்கரத்தின் தடம் தெரியும், ஆனால் ஆள் மட்டும் அகப்படவே இல்லை. காவல் இருக்கிற நாளில் மூலை தூங்கும். காவல் இல்லாத நாளில் மட்டும் வருவார்கள்.

அப்புறம் ஒரு நாள் சலூன்காரர், முறை இல்லாத நாளில், சும்மா மனசு கேட்காமல் போனார். அவர் கோலைப் பிடுங்கி, வலது கை விரல்களைக் கல்லில் வைத்து மிதித்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்களாம். மூன்று பேராம். அவசரமே படாமல் மிதித்தார்களாம்.

அவள் பார்க்கப் போனபோது கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தானே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூண்டில் கடைக்காரர்.

"ரெண்டு விரல் இனிமே மடங்காதாம்," என்றார் சலூன்காரர். "கத்திரிக்கோல் எப்படிப் பிடிக்கிறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். இடது கையால பழகுங்கன்னு சொல்றாரு. அவரு தலையையே முதல்ல கொடுக்கட்டும், பழகறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"நம்மள்ல ஒருத்தன்தான் சொல்றான்," என்றார் கடைக்காரர். "எவன் எப்ப நிக்கறான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கடையிலதான் உலகமே வந்து பேசுது," என்றாள் அவள்.

"என்னம்மா, என்னைச் சொல்றியா?"

"யாரையும் சொல்லல. பேசாதீங்கன்னு சொல்றேன்."

அன்றிலிருந்து கடையில் காவல் பேச்சு கிடையாது. யார் முறை என்று போனில் எழுதுவதும் கிடையாது. யார் என்றைக்குப் போவது என்பதை அதிகாரியிடம் மட்டும் நேரில் சொல்லுவது என்று முடிவாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். சலூன்காரர் இனி வரப்போவதில்லை என்றார். அவர் மனைவி வாசலில் நின்று, "நீங்களும் விட்டுடுங்க அக்கா, மீனுங்களா வந்து சோறு போடப் போகுது" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

இனி வேலை நாட்களில் அவள் ஒருத்திதான். அவளும் ஒதுங்கினால் இந்த வருஷத்து முட்டை பொரிவதற்குள் மூலையை வழித்து எடுத்துவிடுவார்கள். இது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

எல்லாக் கதவையும் அடைத்த பிறகும் விஷயம் கசிந்தது. அவள் அதிகாரியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படியும் அவள் போகாத நாள் பார்த்து வலை விழுந்தது. அதிகாரி மேலேயே சந்தேகப்பட்டு, நல்ல மனுஷனைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் இரை பிசைந்து மூடி வைத்தாள். காலையில் கிளம்புகிற நேரத்தில் சலவைக்கூடத்திலிருந்து போன். ஒருத்தி கையில் ஆவி அடித்துவிட்டது, உடனே வா என்றார்கள். பேசினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அன்று ஏரிக்கரையில் காவலுக்கு ஈ காக்கை இல்லை. நாள் முழுக்க விரிப்பு மடித்தாலும் மனசு மூலையிலேயே கிடந்தது. சாயங்காலம் அதிகாரிக்குப் போன் செய்தால், "இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா, அமைதியா இருந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து, புளித்துப்போன இரையைக் கொட்டிவிட்டுப் பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் தண்ணீர் குடிக்க வந்தான். சொம்பைச் சாய்த்துக் குடித்தபடியே அவன் கண் மேடை மூலைக்குப் போயிற்று. காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தது. அவள் கையிலிருந்த பேசினைப் பார்த்தது. சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் கை நின்றது. "நாளைக்கு ஏரியா அண்ணி?" என்று அவன் கேட்டு எத்தனை நாளாயிற்று? நினைவுக்கு வரவில்லை. இப்போதெல்லாம் கேட்பதில்லை. பார்த்துவிட்டுப் போகிறான்.

கடையை அடைத்தோம், போனை அடைத்தோம், வாயை அடைத்தோம். முந்தின நாளே ஊறவைத்தால்தான் இரை பதமாக இருக்கும் என்ற தூண்டில்காரியின் பிடிவாதத்தை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. பேசின் நிறைந்திருந்தால் நாளைக்கு அவள் ஏரியில்; இன்று அவள் போகாமலே மூலை பிழைத்தது அதனால்தான். காலியாக இருந்தால் மூலை காலி. இதைவிடத் தெளிவாக யாரால் சொல்லமுடியும்? தானே பிசைந்து, தானே மூடி, அவன் கண்ணெதிரில் தானே வைத்திருக்கிறாள்.

சே, என்று உதறினாள். சின்ன வயதில் மழையில் நனைந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்த பையன். இவனாவது, காட்டிக் கொடுப்பதாவது.

ஆனாலும் பேசினைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் இரையில்லாமல், கோல் இல்லாமல், வெறுங்கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். சலவைக்கூடத்துக்குச் சீக்கிரம் போகிறவள் மாதிரி கைப்பையை மாட்டிக்கொண்டாள். கணவர் தூக்கத்தில் புரண்டு, "இன்னைக்கு மத்தியான ஷிப்ட்தானே?" என்றார். அதற்குள் அவள் கதவைச் சாத்தியிருந்தாள்.

கரைப்பாதையை விட்டு, நாணலுக்குள்ளேயே சுற்றிப் போனாள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சேறு கணுக்காலைக் கவ்வியது. தூறல். விடிந்தும் விடியாத வெளிச்சம். முதலில் சத்தம்தான் கேட்டது. நனைந்த வலை கல்லில் உரசும் சத்தம், அதற்குள் மீன்கள் அடிக்கும் சத்தம்.

அவள் அதுவரை பார்த்திராத வண்டி ஒன்று பின்பக்கத்தைத் தண்ணீரை நோக்கித் திருப்பி நின்றது. துணியால் முகம் கட்டிய மூன்று பேர் வலையை இழுத்தார்கள். நான்காவது ஆள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகமும் துணிக்குள்தான் இருந்தது. ஆனால் அவன் போட்டிருந்த மழைக்கோட்டை அவளுக்குத் தெரியும். குளியலறைத் திரைக்கு வாங்கிய துணியில் மிஞ்சியதை வெட்டி, அவள் கணவர் தைத்தது. வெள்ளையில் நீல நீலமாக மீன் படம் போட்ட துணி. கேலிக்காகத்தான் தைத்தார். "மீன் வண்டி ஓட்டறவனுக்கு மீன் கோட்டு" என்று. இப்படி ஒரு கோட்டு உலகத்தில் வேறு யாரிடமும் இருக்க வழியில்லை.

அவள் கையில் போன் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அதிகாரி. எத்தனை முறை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பார்த்ததும் அழுத்து, யோசிக்காதே, யோசித்தால் கை வராது. கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

அப்போது மழைக்கோட்டுக்காரன் திரும்பினான். நாணலைப் பார்த்தான். நேராக அவளைப் பார்த்தான். துணிக்கு மேலே தெரிந்த அந்தக் கண்ணை, அவன் பள்ளிக்கூடப் பையனாக இருந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"என்னடா அங்க?" என்றான் வலை இழுத்தவர்களில் ஒருவன். சாவகாசமான குரல்.

"ஒண்ணுமில்ல. காத்து."

"காத்தா?" அந்த ஆள் வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். நாணல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மூச்சை அடக்கினாள். இத்தனை வருஷமாக மீனுக்காக அசையாமல் நின்றவள், அன்று உயிருக்காக நின்றாள். அவன் குனிந்து மறுபடி வலையைப் பிடித்தான். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு மூட்டையைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி காற்றோடு வந்து அவள் தொண்டையைப் பிடித்தது. இரும முடியாது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகே நாணலை விட்டு வெளியே வந்தாள். அதற்குள் குஞ்சுகள் வெள்ளையாகக் கரை ஒதுங்க ஆரம்பித்திருந்தன.

அங்கிருந்து நேராகச் சலவைக்கூடத்துக்குப் போய், மத்தியான ஷிப்ட் முழுக்க விரிப்பு மடித்தாள். பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தாள், அதிகாரி. பேசாமல் பைக்குள்ளேயே போட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் தனக்குப் பின்னால் உட்கார்ந்தவன் இருமினால்கூடத் திடுக்கிட்டாள்.

வீட்டில் கணவர் நீளமான திரை ஒன்றுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் நின்றது.

"கண்ணாடி போட்டுட்டுப் போனியா?" என்றார்.

"உங்க தையல் எனக்குத் தெரியாதா?"

அவர் ஊசியிலிருந்து நூலை உருவி, மறுபடி கோக்கப் பார்த்தார். நூல் நுழையவில்லை. "அவன் வண்டிதான் ஓட்டறான். கூப்பிட்ட இடத்துக்குப் போறான். அவன் வேலை அது."

"சலூன்காரர் விரலை மிதிச்சப்பவும் வண்டிதான் ஓட்டினானா?"

"அன்னைக்கு அவன் போகல," என்றார் சட்டென்று. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

அவள் அவரையே பார்த்தாள். அவர் திரையை மடிக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? போகாதேன்னு சொன்னேன். அவன் விலகறேன்னு போனதுக்கு, வேற ஆளைப் பிடிச்சுக்கறோம், ஆனா விஷயம் தெரிஞ்ச நீ வெளியில இருக்கிறது எங்களுக்குச் சரிப்படாதுன்னு சொன்னாங்களாம். அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கு நான் சொல்லணுமா?" குரல் தாழ்ந்தது. "ஒரு மாசம். முட்டைக் காலம் முடிஞ்சா அவங்களும் வேற தண்ணிக்குப் போயிடுவாங்க. ஒரு மாசம் நீ வீட்ல இரேன். உடம்பு சரியில்லன்னு சொல்லு. யாரு கேக்கப் போறா?"

"ஒரு மாசத்துல அங்க ஒண்ணும் இருக்காது."

"மீன்தானே!"

"ஆமா. மீன்தான்."

கொழுந்தன் உள்ளே வந்தான். கோட்டு கையில் மடித்திருந்தது. இருவர் முகத்தையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய், தட்டில் தானே போட்டுக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். வழக்கமாக அவள்தான் பரிமாறுவாள். அன்று அவள் நகரவில்லை.

"உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்?" என்றாள்.

"ஒரு குறையும் இல்ல அண்ணி." அவன் தட்டைப் பார்த்தே பேசினான். "காலையில நான் வாயைத் திறந்திருந்தா நீங்க இப்ப இங்க நின்னு கேட்டிருக்க மாட்டீங்க."

"அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடணுமா?"

"வேணாம். பேசாம இருந்தாப் போதும்."

அந்த நேரத்தில் போன் மறுபடி துடித்தது. அதிகாரி. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் எடுக்காதே என்பதுபோல் தலையை மெதுவாக ஆட்டினார். அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. மெஷின் விளக்கின் வெளிச்சத்தில் அவர் முகம் வயதானதாகத் தெரிந்தது.

அவள் எடுத்தாள்.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்றார் அதிகாரி. "மூலை முழுக்கப் போச்சு. பார்க்க முடியல. யாராவது ஒருத்தர் கண்ணால பார்த்தேன்னு சொன்னாத்தான் நான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். எனக்கு வேற வழியே இல்ல."

"நான் பார்த்தேன்," என்றாள். வண்டியின் நிறத்தைச் சொன்னாள். நம்பரைச் சொன்னாள். மூன்று பேர் முகம் தெரியவில்லை என்றாள். "ஓட்டினது என் வீட்டுக்காரரோட தம்பி. இங்கதான் இருக்கான். என் எதிர்ல சாப்பிட்டுட்டு இருக்கான்."

"கதவைத் தாழ் போட்டுக்கங்கம்மா," என்றார் அதிகாரி. "ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன். கொஞ்ச நேரமாகும்."

அவள் போனை வைத்தாள். கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவன் ஓடுவான் என்று நினைத்தாள், திட்டுவான் என்று நினைத்தாள். அவன் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தான். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து நின்றான்.

"சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

"சரி." தலையை ஆட்டினான். அந்தக் காலத்தில் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து நிற்பானே, அதே முகம். "போன வாரம் அவங்க என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க அண்ணி. அந்தம்மா எந்த பஸ்ல வருது, எந்த ஸ்டாப்ல இறங்குதுன்னு."

முன்னறையில் தெருச் சத்தம் நன்றாகக் கேட்கும். எங்கோ ஒரு வண்டி வேகத்தைக் குறைத்து, மறுபடி போயிற்று. கணவர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"நீ என்ன சொன்ன?" என்றாள் அவள்.

அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். ஒரு கால் சரியாக நுழையவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி மாட்டினான்.

"டேய். உன்னைத்தான் கேக்கறேன். நீ என்ன சொன்ன?"

அவன் கதவைத் திறந்து, பின்னால் மெதுவாகச் சாத்திவிட்டு, படியிறங்கிப் போனான்.